ஏழு மேல்துணிகள், ஒரே நிறுத்தம்: வீட்டில் குயில்ட் தைக்கும் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்கு உரியவர் நாற்பதுகளின் நடுவில் இருக்கும் ஒரு பெண். முழுநேர வேலை, குடும்பம், இவற்றுக்கிடையே குயில்ட். துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணி ஒன்றை உருவாக்கி, அதன் அடியில் பஞ்சு விரிப்பும் அடித்துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்து, ஓரத்துக்குப் பட்டி கட்டினால் குயில்ட் என்னும் போர்வை. அவர் விற்பதற்காகத் தைப்பதில்லை, போட்டிக்கும் அனுப்புவதில்லை. தையல் எந்திரம் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் இருக்கிறது. சாப்பிடும் நேரம் வந்தால் எந்திரம்தான் இடம்பெயர வேண்டும்.

அவருடைய அலமாரியில் ஏழு மேல்துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஏழிலும் துண்டு இணைக்கும் வேலை முழுதாக முடிந்திருந்தது. ஒன்றுகூட குயில்ட் ஆகியிருக்கவில்லை. இதற்கிடையே எட்டாவதற்குத் துணியும் வாங்கியாயிற்று. "எனக்கு எதையும் முடிக்கிற புத்தியே இல்லைங்க" என்பது அவரே தனக்கு வழங்கிக்கொண்ட தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பை நான் நம்பவில்லை. சோம்பல்தான் காரணம் என்றால் ஒன்று வெட்டியதோடு கிடந்திருக்கும், இன்னொன்று பாதி இணைத்தபடி நின்றிருக்கும், வேறொன்றில் ஓரப்பட்டி மட்டும் பாக்கி இருந்திருக்கும். ஏழும் சொல்லிவைத்தாற்போல் ஒரே கட்டத்தில் நின்றிருந்தன. சோம்பலுக்கு அவ்வளவு ஒழுங்கு கிடையாது. ஆகவே ஆளை விட்டுவிட்டு, வேலை நின்ற இடத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு குயில்ட்டுக்கும் துணியின் துணுக்கு ஒட்டி, வரைபடம் போட்டு அவர் வைத்திருந்த நோட்டுப் புத்தகம் இதற்குப் பெரிய உதவி.

மேல்துணி ஏன் முடிகிறது

முதலில் கேட்க வேண்டியது, முடிந்த வேலை எப்படி முடிந்தது என்பது. அவருக்குக் கிடைப்பது இரவில் அரைமணி, விடுமுறை நாளில் ஒரு மணி, இப்படிச் சில்லறை நேரம். துண்டு இணைக்கும் வேலைக்கு அந்தச் சில்லறையே போதும். ஒரு விடுமுறைக் காலையில், வட்டக் கத்தி உருளும் ரோட்டரி கட்டரால் துண்டுகளை வெட்டி ஒரு டப்பாவில் போட்டுவிடுவார். பிறகு வாரம் முழுவதும், நூலை அறுக்காமல் ஒரு ஜோடியை அடுத்து இன்னொரு ஜோடி என்று எந்திரத்துக்குள் விட்டுக்கொண்டே போவார். குயில்டர்கள் இதைச் சங்கிலித் தையல் போலத் தைப்பது என்பார்கள். யாராவது கூப்பிட்டால் எழுந்து போகலாம். மறுநாள் விட்ட இடத்தில் தொடரலாம். ஒரு தையல் இன்னொன்றுக்காகக் காத்திருப்பதில்லை.

இதில் அவர் கைத்திறனும் நல்லது. தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும் என்றால் அவர் ஒரு நூலிழை குறைவாகவே விடுவார். மடிப்பு விழும் இடத்தில் துணி சிறிது உள்வாங்கும் என்பதற்கான கணக்கு அது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் ஒரு வரிசையில் 12 துண்டுகள் இருந்தால் நடுவே 11 தையல்கள். ஒவ்வொரு தையலிலும் இரு பக்கமும் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகப் போனால் வரிசையின் நீளத்தில் ஒன்றே கால் அங்குலத்துக்கு மேல் காணாமல் போகும். அவர் வரிசைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன, மூலைகள் மூலையில் சந்திக்கின்றன. முடிக்கும் புத்தி இல்லாதவர் செய்யும் வேலை அல்ல இது.

தரை கேட்கும் வேலை

அடுத்த கட்டம் வேறு ஜாதி. அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி தரையில் விரித்து, இழுத்துவிடாமல் சுருக்கம் மட்டும் போகும் அளவுக்கு நீவி, ஓரங்களை டேப்பால் ஒட்ட வேண்டும். அதன் மேல் பஞ்சு விரிப்பு, அதன் மேல் மேல்துணி. அடித்துணியும் பஞ்சும் நாற்புறமும் மூன்று நான்கு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். பிறகு மூன்றையும் நகராமல் பிடிக்க வளைந்த ஊக்குகள். நான்கு அங்குலத்துக்கு ஒன்று என்று வைத்தால், 60 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் உள்ள நடுத்தர குயில்ட்டுக்கே 15 வரிசை, வரிசைக்கு 18, மொத்தம் 270 ஊக்குகள். எல்லாம் முழங்காலில் நின்றபடி. பாதியில் எழுந்து போய் மறுநாள் தொடர முடியாது, ஏனென்றால் அந்தத் தரையில்தான் வீடு நடக்கிறது.

அது முடிந்தாலும் எந்திரம் இருக்கிறது. சாதாரண வீட்டு எந்திரத்தில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையே ஏழு அங்குலம் இருந்தால் அதிகம். குயில்ட்டின் நடுப்பகுதியைத் தைக்கும்போது அதில் பாதி சுருளாக அந்த இடைவெளிக்குள் நுழைய வேண்டும். மறுபாதி மேசை விளிம்பில் தொங்கினால் அதன் கனமே துணியைப் பின்னால் இழுத்து, தையல் நீளம் ஓரிடத்தில் நெருங்கி ஓரிடத்தில் விரியும். சுற்றி நாற்காலிகளை நிறுத்தித் தாங்கவைக்க வேண்டும். சாப்பாட்டு மேசை மூலையில் இதற்கெல்லாம் இடம் எங்கே?

ஆகக் குயில்ட்டின் முதல் பாதி சில்லறை நேரத்தில் நடக்கிறது. இரண்டாம் பாதி மொத்த நேரமும் மொத்தத் தரையும் கேட்கிறது. அவரிடம் இருப்பது சில்லறை மட்டும்.

முன்பு யார் செய்தார்கள்

இங்கே கொஞ்சம் வரலாறு பார்த்தால் அவர் மேல் உள்ள பழி இன்னும் லேசாகிறது. 19-ஆம் நூற்றாண்டு வட அமெரிக்காவில் மேல்துணியைப் பெரும்பாலும் ஒருத்தி தனியாக, கிடைத்த நேரத்தில் தைத்துவைப்பாள். மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைக்கும் நாளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுவார்கள். ஒரு பெரிய மரச்சட்டத்தில் குயில்ட்டை இழுத்துக் கட்டி, நான்கு பக்கமும் உட்கார்ந்து தைப்பார்கள். அன்றும் எல்லாம் முடிந்துவிடவில்லை. குயில்ட் ஆகாமல் நின்றுபோன பழைய மேல்துணிகள் இன்றும் பழம்பொருள் விற்பவர்களிடம் கிடைக்கின்றன.

அதன்பின் வந்த கருவிகள் பெரும்பாலும் முதல் பாதியைத்தான் வேகப்படுத்தின. ஐசக் சிங்கர் தன் தையல் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1851-இல். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் ரோட்டரி கட்டரை அறிமுகப்படுத்தியது 1979-இல். கத்தரிக்கோலால் ஒரு நாள் வெட்டியதை இப்போது ஒரு காலைப்பொழுதில் வெட்டிவிடலாம். மேல்துணிகள் முன்னைவிட வேகமாகப் பிறக்கின்றன. சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்த கைகள்தான் இல்லை. அலமாரி நிரம்புவதில் என்ன வியப்பு?

எழுதிவைத்த வழிமுறைகளும் இதற்கு உடந்தை. குயில்ட் வடிவத்தின் செய்முறைத் தாள் ஒன்றை வாங்கிப் பாருங்கள். வெட்டும் அளவுகள், துண்டுகள் இணையும் வரிசை, எந்தப் பக்கம் இஸ்திரி போட வேண்டும் என்பதுவரை பக்கம் பக்கமாக இருக்கும். கடைசியில் ஒரே வரி: விருப்பப்படி குயில்ட் செய்து ஓரம் கட்டவும். வேலையின் கடினமான பாதிக்கு ஒரு வரி! நேர்க்கோடா, வளைவா, தையலை ஒட்டியா, எவ்வளவு நெருக்கமாக? பஞ்சு விரிப்பின் உறையில் தையல்களுக்கு இடையே அதிகபட்சம் எத்தனை அங்குலம் விடலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். சிலவற்றுக்கு எட்டு பத்து அங்குலம் வரை சரி, சிலவற்றுக்கு மூன்று நான்குதான். அந்த எண்ணைக்கூடப் பலர் பார்ப்பதில்லை.

ஏழும் ஒன்றல்ல

இதுவரை சொன்னது பொதுவான காரணம். மேல்துணிகளை ஒவ்வொன்றாக விரித்தபோது அது மட்டும் போதவில்லை.

இரண்டு சிறியவை. 36 அங்குலச் சதுரம், மேசையிலேயே விரிக்கலாம். இவற்றுக்குத் தரை தேவையே இல்லை, ஆனாலும் நின்றிருந்தன. எந்தக் கோலத்தில் தைப்பது என்று முடிவெடுக்காததுதான் காரணம். ஒன்று கட்டிலுக்கானது, 90 அங்குலத்துக்கு 100. இதை அந்த வீட்டில் எந்தத் தரையிலும் விரிக்க முடியாது. அறையே போதாது. ஒன்று பழைய சட்டைகளால் ஆனது, 60-க்கு 72. ஒன்று சிவப்பும் வெள்ளையும், 54 அங்குலச் சதுரம். ஒன்று எப்போதோ ஒரு வகுப்பில் கற்றுக்கொண்டபோது செய்தது. கடைசி, பெரிய நட்சத்திரம், பார்டரோடு சுமார் 80 அங்குலம்.

நட்சத்திரத்தை விரித்தவுடன் தெரிந்தது. நடுப்பகுதி தட்டையாக இருக்கிறது, பார்டர் அலை அலையாக எழுகிறது. நாடாவால் அளந்தோம். பார்டர் நீங்கிய உடலின் நடுவில் 70½ அங்குலம், பக்கவாட்டுப் பார்டர் பட்டியோ 73. இரண்டரை அங்குலத் துணி போக இடமில்லாமல் அலையாகிவிட்டது. நீளமான பட்டியை ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய், மிச்சத்தைக் கடைசியில் வெட்டிவிடுவது பலரும் பின்பற்றும் குறுக்குவழி. எந்திரத்தின் கீழ்ப் பற்கள் அடியில் இருக்கும் துணியை இழுத்துப் போகும், மேலே ஃபுட் என்ற அழுத்துபாதம் அழுத்தும் துணி சற்றுப் பின்தங்கும். நீண்ட ஓரத்தில் இந்தச் சிறு வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகும். போதாததற்கு நட்சத்திரத்தின் வெளி முனைகளில் முக்கோணங்களின் குறுக்கு வெட்டு ஓரம் வந்திருந்தது. பாவு, ஊடை இரண்டுக்கும் சாய்வாக வெட்டிய ஓரம் கை பட்டாலே நீளும்.

அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அந்த மேல்துணி அலமாரியின் அடியில் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த குறையைக் குயில்ட் செய்து நிரந்தரமாக்க யாருக்குத்தான் கை வரும்? சிவப்பு வெள்ளையும் அப்படித்தான். சிவப்புத் துணியைத் தைக்கும் முன் அலசவில்லை. முதல் சலவையில் வெள்ளை இளஞ்சிவப்பாகிவிடுமோ என்ற அச்சம், முடிக்காதவரை அந்தச் சலவை வராது என்ற நிம்மதி.

ஆக நேரமும் தரையும் தடுத்தவை சில, எடுக்காத முடிவு தடுத்தவை சில, ஒத்திவைத்த குறை தடுத்தவை சில. மூன்றுமே ஒரே கட்டத்தில் வந்து முட்டுவதால் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே நோய் போலத் தெரிகிறது.

செய்தவை

சிறிய இரண்டிலும் அதிகம் யோசிக்கவில்லை. ஒவ்வொரு தையலுக்கும் இருபுறமும் கால் அங்குலம் தள்ளி நேர்க்கோடு. மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஒரே வேகத்தில் நகர்த்தும் வாக்கிங் ஃபுட் போட்டு, தையல் நீளத்தை மூன்று மில்லிமீட்டராக்கி ஓட்டினார். சட்டென்று முடிந்தன. அழகான வளைவுகள் வேண்டும் என்று காத்திருந்ததுதான் இத்தனை நாள் தடை. நேர்க்கோடு ஏதோ ஏமாற்று வேலை என்று நினைக்கும் குயில்டர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

சட்டைக் குயில்ட்தான் இந்த ஆய்வின் மையம். அதன் துணியே தனி ரகம். ஒரு சட்டையில் பெரிய துண்டு கிடைப்பது முதுகில்தான். முன்பக்கத்தில் பட்டன் பட்டியும் பையும் போக மிஞ்சுவது குறைவு. பருத்தியும் கலப்புத் துணியும் கலந்து வருவதால் நீளும் துணிகளுக்குப் பின்னால் ஒட்டுப் படலத்தை இஸ்திரியால் ஒட்டி நிலைப்படுத்தியிருந்தார். எவ்வளவு செய்தும் சில வரிகள் சாய்ந்தே இருந்தன, அது அவரை உறுத்தியது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக் கீஸ் பெண்ட் ஊர்ப் பெண்கள் தேய்ந்த வேலை உடைகளில் தைத்த குயில்ட்கள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகச் சுவர்களில் தொங்கின. அவற்றில் நேரான கோடுகளைத் தேடினால் சிரமம்தான் மிஞ்சும். படங்களைக் காட்டிய பிறகு சாய்ந்த வரிகளைப் பற்றி அவர் பேசவில்லை.

இதற்கு நாங்கள் தேர்ந்தது துண்டுதுண்டாகக் குயில்ட் செய்யும் முறை. மேல்துணி 12 அங்குலக் கட்டங்களால் ஆனது, ஐந்து அகலம், ஆறு நீளம். ஆறு வரிசைகளுக்கு இடையே இருந்த ஐந்து நீளத் தையல்களைப் பிரித்தார். முடித்த மேல்துணியைப் பிரிப்பதா என்று ஒரு வாரம் தயங்கியது இயல்புதான். பிரித்ததும் 12-க்கு 60 அளவில் ஆறு பட்டைகள். ஒவ்வொன்றும் சாப்பாட்டு மேசையில் அடங்கும். பட்டைக்கு 45 ஊக்குகள். ஆறு பட்டைக்கும் கூட்டினால் அதே 270, ஆனால் தவணையில். எந்திரத்தின் குறுகிய இடைவெளிக்குள் பட்டை தாராளமாகப் போய்வந்தது. ஒரு பட்டையை முடித்துச் சுருட்டி வைத்துவிட்டு இரண்டு வாரம் கழித்து அடுத்ததைத் தொடங்கினாலும் எதுவும் கெடவில்லை.

இணைப்பில்தான் நுட்பம். குயில்ட் செய்த பட்டைகளின் ஓரங்களை மூன்று அடுக்கும் ஒன்றாகச் சேர்த்து நேராக வெட்ட வேண்டும். முன்புறம் ஒரு அங்குல அகலப் பட்டி, பின்புறம் ஒன்றே முக்கால் அங்குலப் பட்டி நீளவாக்கில் இரண்டாக மடித்தது. முதல் பட்டையின் ஓரத்தில் இரண்டையும் ஒரே தையலில் பிடித்து, முன்புறப் பட்டியின் மறு ஓரத்தில் இரண்டாம் பட்டையைத் தைக்க வேண்டும். எல்லாம் கால் அங்குலத் தையல். விரித்தால் முன்னால் அரை அங்குலப் பட்டி தெரியும், இரு பட்டைகளின் பஞ்சும் அதனடியில் முட்டிக்கொண்டு இடைவெளியை நிரப்பும். திருப்பிப் போட்டு, பின்புறப் பட்டியின் மடித்த விளிம்பைத் தையல் மேல் இழுத்து மூடிக் கையால் தைத்தால் முடிந்தது. கடைசிக் கையிணைப்புக்கும் சில்லறை நேரமே போதும்.

பெரிய ஒன்றைச் சிறு சிறு துண்டாகப் பல மேசைகளில் முடித்துப் பிறகு சேர்ப்பது புதிதல்ல. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் விரிக்கப்பட்ட, எய்ட்ஸால் இறந்தவர்களின் நினைவுக் குயில்ட்டில் 1,920 பலகங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, தனித்தனி ஆட்கள் தனித்தனி இடங்களில் தைத்தவை. எட்டுப் பலகங்கள் சேர்ந்தால் 12 அடிச் சதுரம். கால்பந்து மைதானத்தைவிடப் பெரிய அந்தக் குயில்ட்டை ஒரே துணியாகத் தைக்க நினைத்திருந்தால் தொடங்கியே இருக்க முடியாது.

கட்டில் அளவுக் குயில்ட்டுக்கு நான் சொன்ன யோசனை அவருக்குக் கசந்தது. பெரிய சட்டத்தில் துணி நிற்க, தைக்கும் தலை அதன் மேல் ஓடும் லாங்ஆர்ம் எந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுவது. "அப்ப அது என்னோடதுன்னு எப்படிங்க சொல்றது?" என்றார். நூறு வருடம் முன்பு பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து தைத்ததையும் மேல்துணி தைத்தவள் தன்னுடையது என்றுதான் சொன்னாள். லாங்ஆர்ம்காரர் கேட்டபடி அடித்துணியும் பஞ்சும் ஒவ்வொரு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக வைத்து அனுப்பினார். ஓரப்பட்டியைத் தானே கையால் கட்டினார். இரண்டரை அங்குலப் பட்டியை இரண்டாக மடித்து முன்புறம் எந்திரத்தில் தைத்துப் பின்புறம் கைத்தையல். தனது என்ற உணர்வுக்கு அது போதுமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

சிவப்பு வெள்ளையில் முதலில் சோதனை. நனைத்த வெள்ளைத் துணியால் சிவப்பைத் தேய்த்தோம், நிறம் ஒட்டியது. அச்சம் உண்மைதான். பல குயில்டர்கள் பின்பற்றும் வழி, முடித்த பிறகு பெரிய தொட்டியில் நிறையச் சுடுநீரும் சலவைத் திரவமும் விட்டு மணிக்கணக்கில் ஊறவைப்பது. கழன்ற சாயம் நீரிலேயே மிதக்க வேண்டும், துணியில் மீண்டும் படியக் கூடாது, அதனால்தான் அவ்வளவு தண்ணீர். நீர் தெளியும்வரை மாற்ற வேண்டும், நடுவில் உலரவிடக் கூடாது. அடுக்குகளை இணைக்க இரண்டு நீளப் பலகைகள் உதவின. மேல்துணியை ஒன்றிலும் அடித்துணியை இன்னொன்றிலும் சுருட்டி, மேசை மேல் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்து, நீளத் தையலாக நூலோட்டிப் பிடித்தார். முழங்காலுக்கு வேலை இல்லை. வெள்ளை வெள்ளையாகவே வெளியே வந்தது.

வகுப்பில் செய்ததை முடிக்கவே இல்லை. அவருக்கு இப்போது அது பிடிக்கவில்லை, நிறங்களும் அவர் நிறங்கள் இல்லை. குயில்ட் செய்ய ஆசைப்பட்ட ஒரு தோழிக்கு மேல்துணியாகவே கொடுத்துவிட்டார். தொடங்கியதை எல்லாம் முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பொழுதுபோக்கில் ஏன்?

விளைவும் குறையும்

சட்டைக் குயில்ட்டின் பின்பக்கம் அவருக்கு இன்னும் திருப்தியில்லை. ஐந்து இணைப்புப் பட்டிகளும் கோடு போட்டதுபோல் தெரிகின்றன. குயில்ட் முழுவதும் ஓடும் ஒரே கோலமும் இந்த முறையில் கிடைக்காது, தையல் கோடுகள் பட்டையின் எல்லையில் நின்றுவிடும். பருத்திப் பஞ்சு முதல் சலவையில் மூன்று முதல் ஐந்து விழுக்காடு சுருங்கியதில் மேற்பரப்பு மடிந்து குழைந்து, பட்டிகளின் கூர்மை கொஞ்சம் மறைந்தது. இணைப்பே தெரியக் கூடாது என்பவர்களுக்கு இந்த முறையைச் சொல்ல மாட்டேன்.

வேறொரு மாற்றம் நடந்தது, யாரும் திட்டமிட்டதல்ல. இப்போது அவர் நோட்டில் புது வேலைக்கான முதல் பக்கத்தில், வெட்டும் அளவுகளுக்கு முன்பாகவே, எப்படி அடுக்குவது, எந்த மேசையில், என்ன கோலம் என்று எழுதுகிறார். எட்டாவதற்கு வாங்கிய துணி அப்படித்தான் தொடங்கியிருக்கிறது. மேல்துணியாக இல்லாமல், கட்டம் கட்டமாகப் பஞ்சோடு சேர்ந்தே வளர்கிறது.

மிச்சம் நட்சத்திரம். பார்டரைப் பிரித்தார். நீண்டுவிட்ட ஓரத்தை அடக்க எட்டில் ஒரு அங்குலம் உள்ளே ஒரு காவல் தையல் ஓட்டினார். உடலை நடுவிலும் இரு ஓரங்களிலும் அளந்து, சராசரிக்கு இரண்டு பட்டிகளும் ஒரே நீளமாக வெட்டி, பாதி, கால் குறித்துக் குண்டூசியால் பொருத்தி, தளர்ந்த பக்கம் பற்களின் மேல் இருக்கும்படி வைத்துத் தைத்தார். இப்போது தட்டையாகக் கிடக்கிறது. இனி எப்படிக் குயில்ட் செய்வது என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. 80 அங்குலம், எந்திரத்தில் முடியும், இல்லாவிட்டால் லாங்ஆர்ம் என்பது என் கட்சி. அவர் வளையத்தில் மாட்டிக் கையால் தைக்கப் போவதாகச் சொல்கிறார். வருடக்கணக்காகும் என்றேன். "நீங்கதானே சொன்னீங்க, எனக்கு இருக்கறது அரைமணி அரைமணியாத்தான்னு. கைத்தையல் அந்த அரைமணியில அடங்கும்ல?" என்று என் வாதத்தை எடுத்தே என்னை மடக்கினார். பலகை வைத்து மேசையிலேயே நூலோட்டிவிட்டால் தரையும் வேண்டாம் என்கிறார். பதில் சொல்ல எனக்கு வழியில்லை. உள்ளே வலைப்பின்னல் வைத்த பருத்தி விரிப்பில் கை ஊசி இறங்க மறுக்கும் என்பதால், கம்பளி விரிப்புக்குச் சொல்லியிருக்கிறார்.